புள்ளி அண்ணாத்தயின் முதல் பதில்

எங்கள் குழுவில் யார் எதைக் கேட்டாலும் முதல் பதில் அவருடையதாகத்தான் இருக்கும். அது தப்பாகவும் இருக்கும்.

செங்கல்பட்டு, கல்பாக்கம், மாமல்லபுரம், செய்யூர்ப் பக்கத்து ஆட்கள் போன், கம்ப்யூட்டர் சந்தேகங்களைக் கேட்டுக்கொள்ளும் வாட்ஸாப் குழு அது. கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் தொடங்கி வைத்தது. அவரை எல்லோரும் சார் என்போம். நான் செங்கல்பட்டில் வீட்டிலேயே டிடிபி வேலை செய்பவள். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கல்லூரி ஆய்வேடு என்று எது வந்தாலும் தட்டச்சு செய்து, பக்கம் அமைத்துக் கொடுப்பேன். ஏதோ எழுத்துருத் தகராறுக்கு வழி கேட்டுத்தான் குழுவில் சேர்ந்தேன். அன்றைக்கும் சாருக்கு முன்னால் முதல் பதில் புள்ளி அண்ணாத்ததான் சொன்னார். "எழுத்து கட்டம் கட்டமா வருதுன்னா ஸ்கிரீனை ஈரத்துணியால தொடைங்கம்மா. சிம்பிள் மேட்டரு."

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். குழுவில் பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் ஒரு புள்ளிதான் இருந்தது. பெயரை எங்கே எழுதுவது என்று தெரியாமல் கைபட்டதை அழுத்தியிருக்கிறார், அப்படியே நின்றுவிட்டது. அதனால் எல்லோருக்கும் அவர் புள்ளி அண்ணாத்த.

அவருடைய தப்புகளில் ஒரு விசேஷம், கேட்கும்போது சரி போலவே இருக்கும். போனில் இடம் இல்லை என்று ஒருவர் புலம்பினால், "போட்டோவையெல்லாம் கருப்பு வெள்ளையா மாத்திடுங்க, கலரு எடத்தை அடைச்சிகினு கீது" என்பார். வைஃபை மெதுவாக வருகிறது என்றால் காற்று வரும் ஜன்னல் பக்கம் பெட்டியைத் திருப்பி வைக்கச் சொல்வார். மாமல்லபுரத்தில் ஓட்டல் வரவேற்பில் இருக்கும் பாபு ஒருமுறை போனைத் தண்ணீரில் போட்டுவிட்டு வந்து நின்றான்.

"அரிசியில பொதைச்சு வைங்க" என்றார் புள்ளி.

"பச்சரிசியா, புழுங்கலா அண்ணாத்த?"

"புழுங்கலு. பச்சரிசின்னா பேசறப்போ வாசம் வரும்."

சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. பின்னாலேயே சார் வந்தார். அரிசி ஏன் கூடாது, போனை எப்படி அணைப்பது, எங்கே கொண்டு போவது என்று அ, ஆ, இ பிரித்து, முற்றுப்புள்ளி தவறாமல் நீளமாக எழுதினார். பாபு புள்ளியைக் கிண்டல் செய்வதற்கென்றே கேள்வி தயாரிப்பான். "அண்ணாத்த, எண்டர் அமுக்கி உள்ள வந்துட்டேன், வெளிய போவத் தெரியல" என்று ஒருநாள் போட்டான். "எஸ்கேப்பை அமுக்கு மச்சான்" என்று உடனே வந்தது. எனக்குத் தெரிந்து அவர் சொன்னதில் சரியாக இருந்தது அது ஒன்றுதான்.

மற்றவர்களுக்கு இதெல்லாம் தமாஷ். எனக்கு எரிச்சலாக வரும். தெரியாதவர் தெரியாது என்று சும்மா இருந்தால் என்ன? பள்ளிக்கூடத்தில் கேள்வியை முடிக்கும் முன் கையைத் தூக்கும் பையன்களைப் பார்த்தாலே பிடிக்காது எனக்கு. ஆனாலும் அவர் பேச்சைக் கேட்டு என் லேப்டாப்பையே நான் சாகடித்தேன்.

கடல் ஆமைகளைப் பற்றி ஒரு கல்லூரி மாணவன் எழுதிய சின்ன ஆய்வேட்டை முக்கால்வாசி அடித்து முடித்திருந்த சமயம். பாதிக் கோப்பை டீ கீபோர்டில் கொட்டிவிட்டது. பதற்றத்தில் குழுவில்தான் கத்தினேன். புள்ளி உடனே வந்தார். "ஆஃப் மட்டும் பண்ணிடாதீங்க. ஓட விடுங்க. சூடு ஏறி தானா காஞ்சிடும். சிம்பிள் மேட்டரு." பதறி நிற்பவள் முதலில் நீளும் கையைத்தானே பிடிப்பாள்? ஓட விட்டேன். சார் ஓடி வந்து, "உடனே அணைக்கவும்! அவர் சொல்வதைக் கேட்க வேண்டாம்!" என்று எழுதுவதற்குள் திரை ஒருமுறை நீலமாக மின்னிக் கருத்துப் போனது. அதற்குப் பிறகு அது எழுந்திருக்கவில்லை. ஆய்வேடும் அதோடு போயிற்று.

மறுநாள் காலை அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர், சட்டையெல்லாம் வியர்வை. கையில் தும்பிக்கை மாதிரி நீளக் குழாய் வைத்த ஒரு மெஷின்.

"நான்தாம்மா புள்ளி. முட்டுக்காட்டுலேர்ந்து வர்றேன். சாருகிட்ட வழி கேட்டுகினு வந்தேன்."

"இது என்னண்ணா?"

"எல ஊதற மெஷினு. தோட்டத்துல காஞ்ச எலையெல்லாம் பறந்துடும். இதால ஒரு தபா ஊதினா டீ கீ எல்லாம் பறந்துடும்."

அந்த மெஷினோடு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். நான் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். என் கணவர் அதற்குள், "உள்ள வாங்கண்ணா, நாஸ்தா ஆச்சா?" என்று இட்லி வைத்து உட்கார வைத்துவிட்டார். முட்டுக்காட்டில் கடல் ஓரமாக ஒரு பணக்காரர் பங்களா. அதற்கு இவர் காவல். முதலாளி வருஷத்துக்கு ஒருமுறை வந்தாலே பெரிது. ஆள் இல்லாத வீட்டில் வைஃபை மட்டும் எந்நேரமும் ஓடுகிறது. எந்தக் கேள்விக்கும் அவர் முதலில் வந்து நிற்பதன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

பெயர் கேட்டேன். "அதான் புள்ளின்னு வெச்சிட்டீங்களே, நல்லாத்தான் கீது" என்று சிரித்தார்.

லேப்டாப்பை ஊத நான் விடவில்லை. சும்மா திரும்பிப் போகவும் அவருக்கு மனமில்லை. "கைப்பிரதி கீதா? நான் படிக்கிறேன், நீ அடிம்மா" என்றார். தம்பியின் பழைய கம்ப்யூட்டரை எடுத்து வந்து உட்கார்ந்தேன். அவர் அந்த மாணவனுடைய கையெழுத்துத் தாள்களை வைத்துக்கொண்டு உரக்கப் படித்தார். நன்றாகத்தான் படித்தார், நிறுத்தி நிதானமாக. நான் திரையை விட்டுக் கண் எடுக்காமல் அடித்துக்கொண்டே போனேன். சாயங்காலம் சரிபார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் 'மாசி ஆமை' என்று இருந்தது. தாளில் இருந்தது 'பங்குனி ஆமை'. அந்த இனத்துக்குத் தமிழில் அதுதான் பெயர்.

"ஏண்ணா மாத்திப் படிச்சீங்க?"

"தப்பா எழுதிகீறான்மா அந்தப் புள்ள. எங்க கரைக்கு மாசியிலயே வந்துடுது. நான் கண்ணால பாக்கறேனே. அதான் திருத்திட்டேன்."

அவர் போன பிறகு தலையில் அடித்துக்கொண்டேன். அச்சகத்தில் மறுநாள் கொடுத்தாக வேண்டும். 'மாசி' வரும் இடமெல்லாம் 'பங்குனி' ஆக மாறும்படி ஒரே அழுத்தாக அழுத்திவிட்டு, அசதியில் மேலோட்டமாகக் கண்ணை ஓட்டிவிட்டு அனுப்பினேன். அட்டை போட்டு வந்ததும் அந்த மாணவன் அழாத குறையாகப் போன் செய்தான். அவனுடைய வழிகாட்டிப் பேராசிரியர் பெயர் மாசிலாமணி. முதல் பக்கத்தில் முனைவர் பங்குனிலாமணி என்று பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது.

மாற்று என்று அழுத்தியது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாசியைக் கொண்டு வந்தது யார்? இன்றைக்குக் கேட்டாலும் அவரைத்தான் சொல்வேன்.

ஆற்றாமையில் இதையெல்லாம் குழுவில் கொட்டினேன். பாபு விழுந்து விழுந்து சிரித்தான். சாருக்குச் சிரிப்பு வரவில்லை. "தவறான தகவல் தருபவருக்கு இங்கே இடமில்லை. விளையாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு" என்று எழுதிவிட்டு, புள்ளியைக் குழுவிலிருந்து நீக்கினார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. இனிமேலாவது கேள்விக்குச் சரியான பதில் மட்டும் வரும்.

பதிலே வரவில்லை.

முதலில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. காலை வணக்கம் வந்தது, ரோஜாப்பூ வந்தது, எங்கிருந்தோ வந்த வீடியோக்கள் வந்தன. நடுவில் யாராவது ஒரு சந்தேகம் கேட்பார்கள். எல்லோரும் பார்ப்பார்கள். தெரிந்தவர்கள் வேறு யாராவது சொல்லட்டும் என்று இருப்பார்கள். கேள்வி மேலே நகர்ந்து நகர்ந்து காணாமல் போகும். இரண்டு மூன்று தடவை நான் பதில் எழுதினேன். பிறகு எனக்கும் வேலை இருந்தது.

செய்யூர் ரேவதி கேட்டது அந்தச் சமயத்தில்தான். டிகிரி முடித்துவிட்டு அரசு வேலைப் பரீட்சைகளுக்கு எழுதிக்கொண்டிருந்த பெண். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். காலையிலேயே குழுவில் போட்டிருக்கிறாள்: "போட்டோ அப்லோடு ஆகல. அளவு பெருசா இருக்குன்னு வருது. யாராவது சொல்லுங்க ப்ளீஸ்." மத்தியானம் மறுபடியும் கேட்டிருக்கிறாள். நான் அன்று மதுராந்தகத்தில் ஒரு வளைகாப்பில் இருந்தேன். போனை வெளியே எடுத்தபோது சாயங்காலம், விண்ணப்பிக்கும் நேரம் முடிந்துவிட்டது. யார் யார் பார்த்தார்கள் என்று ரேவதியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஏறக்குறைய எல்லோரும் பார்த்திருந்தார்கள். சாரும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. புகைப்படத்தைச் சின்னதாக்குவது எத்தனை நேர வேலை? குழுவில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் இருக்கிறார்கள். ரேவதிக்குப் போன் செய்தேன்.

"விடுங்கக்கா" என்றாள். அழுது முடித்த குரல். "புள்ளி அண்ணாத்த இருந்திருந்தா தப்பாவாச்சும் ஏதோ ஒண்ணு சொல்லியிருப்பாரு. அதைத் திருத்தறதுக்கு சார் ஓடி வந்திருப்பாரு. எனக்கு போட்டோ ஏறியிருக்கும்."

சுருக்கென்றது. பழைய உரையாடல்களைப் பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மைதான். சார் தாமாக ஒரு கேள்விக்குக்கூட முதலில் பதில் எழுதியதில்லை. அத்தனை அ, ஆ, இயும் "அவர் சொல்வது தவறு" என்றுதான் தொடங்கியிருந்தன. கம்பெனிக்காரப் பையன்களும் அப்படித்தான். உதவி செய்ய வராதவர்கள், தப்பைப் பிடிக்க மட்டும் வரிந்து கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். இவ்வளவு படித்தவர்களை அசைப்பதற்கு எல ஊதும் மெஷின்காரர் ஒருவர் தினமும் வந்து அசட்டுத்தனமாக எதையாவது சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. யார் மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

திருப்போரூரில் பஸ் மாறி முட்டுக்காட்டுக்குப் போனேன். பங்களா கேட்டில் கை வைப்பதற்குள், "தோ வந்துகினே கீறேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. முதலாளியின் பழைய பனியன் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். என்னைப் பார்த்ததில் அவ்வளவு சந்தோஷம். துணி மூடிக் கிடந்த சோபாவில் ஒரு மூலையை மட்டும் விலக்கி உட்காரச் சொன்னார்.

"குரூப்பு எப்படி கீதும்மா? என் போனு ரிப்பேரு. எல்லாம் வருது, நம்ம குரூப்பு மட்டும் வரமாட்டேங்குது. இன்னா பண்ணியும் ஆவல. கடைசியில எல்லாத்தையும் அழிச்சு புதுசா போட்டுட்டேன். அப்பவும் வரல."

"எல்லாத்தையுமா அழிச்சீங்க?"

"ஆமாம்மா. அழிச்சாத்தானே சரியாவும்? போட்டோ கீட்டோ எல்லாம் போச்சு. பேத்தி நடக்க ஆரம்பிச்ச வீடியோ ஒண்ணு இருந்துச்சு, அதுவும் போச்சு. பரவால்ல. பொண்ணுகிட்ட கீது. கேட்டா..." என்று நிறுத்தினார். "கேக்கணும்."

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நேராகவே சொன்னேன். "போன் ரிப்பேர் இல்லண்ணா. சார் உங்களைக் குரூப்லேர்ந்து எடுத்துட்டாரு."

அவர் கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ போனு நல்லாத்தான் இருந்துச்சா?"

நான் கடலைப் பார்த்தேன். அவரை அப்போதும் எனக்குக் குலுக்க வேண்டும் போல இருந்தது. தெரியாத வைத்தியத்தை ஊருக்கெல்லாம் சொன்னது போதாதென்று தனக்கே செய்துகொண்டிருக்கிறார்.

"தெரியலன்னா தெரியலன்னு விட வேண்டியதுதானேண்ணா? ஏன் சொல்றீங்க?"

"இன்னாம்மா பண்றது? ஒருத்தரு கேட்டுகினு நிக்கிறாங்க. அத்தினி பேரும் பாத்துட்டு பாத்துட்டுப் போறாங்க. அதைப் பாத்துகினு சும்மா இருக்க என்னால ஆவாது. வாசல்ல நின்னு கூப்பிட்டா யாருன்னாச்சும் ஒரு குரல் குடுக்க வேணாமா?"

"குரல் மட்டும் குடுங்க. 'யாராவது பாருங்கப்பா' அப்படின்னு மட்டும் போடுங்க. வைத்தியம் சொல்லாதீங்க. சரியா?"

"சரிம்மா. சத்தியமா."

ரேவதி சொன்னதை அப்படியே சாருக்கு அனுப்பினேன். நாள் முழுக்கப் பதில் இல்லை. பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல் புள்ளியைத் திரும்பச் சேர்த்துவிட்டார். பாபு பட்டாசுப் படங்களாக வெடித்தான்.

முதல் சோதனை அந்த வாரமே வந்தது. ஒருவருக்குக் கம்ப்யூட்டர் திரை தலைகீழாகிவிட்டது. புள்ளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். "யாராவது பாருங்கப்பா, பாவம்" என்று மட்டும் போட்டார். எல்லோரும் பார்த்தார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. நானே எழுதலாம் என்று இருந்தேன். ஆனால் பிடிவாதம், யார் வருகிறார்கள் பார்ப்போம் என்று காத்திருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு புள்ளி மறுபடியும் வந்தார்: "மானிட்டரைத் தலைகீழா திருப்பி வெச்சிடுங்க. சிம்பிள் மேட்டரு."

"அவர் சொல்வது தவறு" என்று சார் எழுத ஆரம்பித்துவிட்டார்.

உடனே அவருக்குப் போன் போட்டேன். "சத்தியம் பண்ணீங்களேண்ணா!"

"பண்ணேன்மா. ஆனா பாரு, சாரு வந்துட்டாரு."

தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா? அந்தக் குரலில் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. பிறகும் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும், "இன்னாம்மா கேக்கற, புரியல" என்பார். அடுத்த விண்ணப்பத்தின்போது ரேவதி அதே புகைப்படக் கேள்வியை மறுபடி போட்டாள். வேண்டுமென்றேதான் போட்டிருப்பாள். "நின்னு எடுத்தா போட்டோ பெருசாத்தான் வரும், உக்காந்து எடும்மா" என்றார் இவர். சாரோடு சேர்ந்து நான்கு பேர் திருத்த வந்தார்கள். அவள் விண்ணப்பம் ஏறியது. பரீட்சையும் எழுதினாள். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

போன வருஷம் அந்தப் பங்களா கைமாறியது. ஒரு காலையில் புள்ளி குழுவை விட்டு விலகினார் என்ற வரி மட்டும் வந்தது. இந்த முறை யாரும் நீக்கவில்லை. அவரே போயிருக்கிறார். அல்லது வேறு எதையோ சரிசெய்யப் போய் இதை அழுத்தியிருக்கிறார். அவர் நம்பருக்கு அடித்தால், உபயோகத்தில் இல்லை என்று வந்தது. முட்டுக்காட்டுக்குப் போய்ப் பார்த்தேன். புது மதில், புதுக் காவல்காரர். மணியடித்து மணியடித்துக் கடைசியில்தான் வந்தார். "முன்ன இருந்தவரா? தெரியாது மேடம்" என்றார். பெயர் சொல்லிக் கேட்க எனக்குப் பெயரும் தெரியாது.

குழுவில் கேட்டேன். "புள்ளி அண்ணாத்த இப்போ எங்க இருக்காருன்னு யாருக்காவது தெரியுமா?" எல்லோரும் பார்த்தார்கள். அன்று முழுக்க ஒரு பதில் இல்லை. மறுநாள் மறுபடியும் கேட்டேன். அதற்கும் இல்லை.

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. இவர்களுக்கு ஒரே வழிதான் என்று, ஒரு தப்பை நானே செய்து போட்டேன். "விசாரிச்சுட்டேன். அவர் காரைக்கால்ல பொண்ணு வீட்ல இருக்காராம். நல்லா இருக்காராம்." எனக்கும் காரைக்காலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. யாராவது பாய்ந்து வந்து, இல்லை, அவர் இன்ன ஊரில் இருக்கிறார் என்று திருத்துவார்கள் என்று போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சார் கைகூப்பும் படத்தோடு, "மகிழ்ச்சி" என்று எழுதினார். பாபு, "சூப்பர்க்கா, அங்க மீனு நல்லா இருக்கும்" என்றான். இதயங்களும் கட்டைவிரல்களுமாக வந்து குவிந்தன. திருத்த ஒருவரும் வரவில்லை. இப்போது எங்கள் குழுவில் யாரைக் கேட்டாலும் அவர் காரைக்காலில்தான் இருக்கிறார்.

நேற்று ரேவதி எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாள். "அக்கா, அடுத்த வாரம் பரீட்சைக்கு காரைக்கால் போறேன். அண்ணாத்த வீடு எந்தத் தெருன்னு கேட்டுச் சொல்லுங்க. ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்."

படித்துவிட்டேன். படித்துவிட்டேன் என்பது அவளுக்கும் தெரிந்திருக்கும். இன்னும் பதில் போடவில்லை.